ஹெட்லைட்டுக்குள் பல்பு வெடித்தது: மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை

நேற்று எண்ணூரில் இரண்டாவது ஷிப்ட் முடித்துவிட்டுத் தண்டையார்பேட்டைக்குத் திரும்பும்போது, எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசை கட்டி நின்ற கன்டெய்னர் லாரிகளில் பின்விளக்கே இல்லாத ஒன்று எனக்கு நல்ல தூரத்திலேயே தெரிந்துவிட்டது. போன மாதம் அதே மாதிரி ஒரு லாரியை முப்பதடியில் பார்த்துத்தான் பிரேக் அடித்தேன். நடுவில் மூன்று ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தேன், எதைக் கெடுத்தேன் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

வண்டி 2010 மாடல் ஆல்ட்டோ. எச்4 ரக ஹாலஜன் பல்பு. லோ பீம், ஹை பீம் இரண்டுக்கும் ஒரே பல்பு. வண்டியோடு வந்தது 60/55 வாட், அதாவது ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55. வெளிச்சம் போதவில்லை என்று போன வருடம் 100/90 வாட் ஜோடி ஒன்றை 450 ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன். ரிலே (பேட்டரியிலிருந்து பல்புக்கு நேராகக் கரண்ட் விடும் சுவிட்ச்) போடவில்லை, ஒயரையும் மாற்றவில்லை. முதல் இரண்டு மாதம் பளிச்சென்று இருந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. கண்ணாடி மஞ்சளாகிவிட்டது, ஒரு நாள் பாலிஷ் போட வேண்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

மே மாதம் கோடை மழை பிடித்த ஒரு இரவு, திருவொற்றியூர் தாண்டும்போது முன்பக்கம் 'டப்' என்று ஒரு சத்தம். கல் தெறித்தது என்றுதான் நினைத்தேன். வீட்டு வாசலில் இறங்கிப் பார்த்தால் இடப் பக்க விளக்கு எரியவில்லை. காலை வெளிச்சத்தில் பார்த்தபோது டூமுக்குள், அதாவது ஹெட்லைட் கூட்டுக்குள், யாரோ விபூதியை ஊதிவிட்ட மாதிரி இருந்தது. வெள்ளையும் இளமஞ்சளும் கலந்த பொடி, பல்பைச் சுற்றி வெள்ளியாகப் பளபளக்கும் ரிஃப்ளெக்டர் முழுக்கப் படிந்திருந்தது. அடியில் டைமன் கற்கண்டு அளவில் உடைந்த கண்ணாடி. எரிந்துகொண்டிருக்கும் பல்பின் கண்ணாடி விட்டுப்போனால், பழுக்கக் காய்ந்த டங்ஸ்டன் இழை காற்றுப் பட்டு எரிந்து இப்படிப் பொடியாகப் படியும்.

பின்பக்க ரப்பர் கேப்பைத் தொட்டுப் பார்த்தேன். ஓரத்தில் இரண்டு அங்குலம் கிழிந்திருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வண்டி பம்பர் வரை தண்ணீரில் நின்றது. அதற்குப் பிறகு நான் அந்தக் கேப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிழிசல் வழியாக ஒரு சொட்டு மழைத் தண்ணீர் சூட்டில் கிடந்த பல்பு மேல் விழுந்திருந்தால் போதும்.

பல்பின் அடிப்பாகம் ஹோல்டரை விட்டு வரவே இல்லை. மூன்று பின்னில் ஒன்றைச் சுற்றிப் பிளாஸ்டிக் உருகி, கருகி, அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது. கட்டிங் பிளேயரால் வெட்டித்தான் எடுத்தேன். வலப் பக்கம் வெடிக்கவில்லை என்றாலும் அங்கேயும் ஹோல்டர் பழுப்பாகியிருந்தது. டூமின் உள்பக்கம் மேலே எண்ணெய்ப் புகை பிடித்த சமையலறைச் சுவர் போல ஒரு படலம். இன்ஜினை ஓட விட்டு மல்டிமீட்டர் வைத்தேன். பேட்டரியில் 13.8 வோல்ட். வலப் பக்க ஹோல்டரில் லோ பீம் எரியும்போது 11.3. இரண்டரை வோல்ட் ஒயரிலும் கருகிய பின்னிலும் சூடாகப் போய்க்கொண்டிருந்தது. ஹாலஜன் பல்புக்கு வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் போலக் குறையும். எனக்குக் குறைந்தது 18 சதவீதம். அதாவது 90 வாட் பல்பை மாட்டிவிட்டு, அது தர வேண்டிய வெளிச்சத்தில் பாதியில்தான் இத்தனை மாதம் ஓட்டியிருக்கிறேன். கண்ணாடியின் மஞ்சள் அதில் இன்னும் கொஞ்சம் தின்றிருக்கிறது.

புது டூம் விலை கேட்டேன். ஆர்டர் போட்டால்தான் வரும், ஒன்று 2,400 ரூபாய் என்றார்கள். புதுப்பேட்டையில் பழையது 700க்குக் கிடைத்தது. ஆனால் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் ரிஃப்ளெக்டரும் மங்கல். சரி, இருப்பதையே சுத்தம் செய்து பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

முதல் ஞாயிறு கழற்றுவதிலேயே பாதி போய்விட்டது. பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றி, பம்பரை இறக்கி, டூமின் போல்ட்டுகளுக்கு 10 நம்பர் ஸ்பேனர் போட்டேன். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற வண்டியில் எந்த போல்ட்டும் சும்மா வராது. துருவை இளக்கும் டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்து, டீ குடித்துவிட்டு வந்து, மறுபடி திருப்பியபோது வந்தது. பம்பர் கிளிப் மூன்று உடைந்தன. கிளிப்பை முதலிலேயே அரை டஜன் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து கண்ணாடித் துண்டுகள். டூமைக் கவிழ்த்து, பல்பு ஓட்டை வழியாகக் கொட்டட்டும் என்று உலுக்கினேன். சரசரவென்று நிறைய கொட்டியது. ஆனால் உலுக்கிய ஒவ்வொரு தடவையும் அந்தத் துண்டுகள் ரிஃப்ளெக்டர் மேல் உருண்டிருக்கின்றன. பிற்பாடு டார்ச் அடித்துப் பார்த்தபோது முடி முடியாகக் கீறல்கள் தெரிந்தன. உலுக்கியிருக்கக் கூடாது. ஓட்டையைக் கீழே பார்க்க வைத்துச் சாய்த்து, வெளியிலிருந்து விரலால் மெல்லத் தட்டினாலே வந்திருக்கும்.

முன் கண்ணாடியைப் பிரிக்காமல் மீதித் துண்டுகளை எடுக்க முடியாது என்று தெரிந்தது. கண்ணாடி என்று நாம் சொன்னாலும் அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக்தான். கறுப்புப் பசை ஒன்றால் டூமோடு ஒட்டியிருக்கும், சூடு காட்டினால் இளகும். வீட்டிலிருந்த ஹேர் டிரையரை இருபது நிமிடம் காட்டினேன். கை சுட்டதே தவிரப் பசை அசையவில்லை. சின்ன ஓவனில் டூம் நுழையாது. தெருமுனை ஸ்டிக்கர் கடை அண்ணனிடம் ஹீட் கன் கேட்டேன். "எடுத்துட்டுப் போ தம்பி, ஆனா ஒரே எடத்துல நிறுத்தாத, ஓட்டிக்கினே இரு" என்று சொல்லித்தான் கொடுத்தார். குறைந்த சூட்டில் வைத்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, விளிம்பைச் சுற்றிச் சுற்றி ஓட்டினேன். ஏழெட்டு நிமிடத்தில் பசை இளகியது. டேப் சுற்றிய தட்டை ஸ்க்ரூ டிரைவரை மூலையில் நுழைத்து நெம்ப, கமர்கட் பாகு மாதிரி நூல் நூலாக இழுத்துக்கொண்டு கண்ணாடி பிரிந்து வந்தது. கீழ் மூலையில் மட்டும் அரை நிமிடம் கூடுதலாக நிறுத்திவிட்டேன் போலிருக்கிறது. பிளாஸ்டிக்குக்குள் கடுகளவு குமிழ்கள் நான்கைந்து. அண்ணன் சொன்னது அதைத்தான்.

இனி எழுதப் போகிற இடத்தைத்தான் யாராவது இந்த வேலையில் இறங்குவதற்கு முன் படிக்க வேண்டும்.

ரிஃப்ளெக்டர் திறந்து கிடக்கிறது, மேலே வெள்ளைப் பொடி. மொபைல் டிஸ்ப்ளே துடைக்க வாங்கி வைத்திருந்த மைக்ரோஃபைபர் துணி, அரை லிட்டர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டும் கைவசம். துணியை நனைத்து, கீழ்ப் பக்கம் ஒரு மூலையில் அழுத்தாமல், வட்டமாகக்கூட இல்லாமல், நேராக ஒரே ஒரு இழுப்பு இழுத்தேன். துணியில் வெள்ளைப் பொடி வந்தது. கூடவே கொலுசு துடைத்த துணி மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு மை. ரிஃப்ளெக்டரைப் பார்த்தேன். கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளியே இல்லை, அடியிலிருந்த பழுப்பு பிளாஸ்டிக் தெரிந்தது. ஒரே இழுப்பில் போய்விட்டது. அந்த நிமிடம் வயிற்றைப் பிசைந்தது.

அந்தப் பளபளப்பு தகடு இல்லை. வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படிய வைத்த பூச்சு. தலைமுடித் தடிமனில் பல நூறில் ஒரு பங்குதான் இருக்கும். மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் பூச்சு உண்டு. அது நன்றாக இருக்கும்வரைதான் அலுமினியம் தாங்கும். 90 வாட் பல்பின் சூட்டில் ஒரு வருடம் வெந்த பூச்சிடம் எதையும் எதிர்பார்க்க முடியாது. ஆகவே ரிஃப்ளெக்டரைத் துடைக்கக் கூடாது. துணி, பஞ்சு, டிஷ்யூ, விரல், எதுவுமே படக் கூடாது. தண்ணீர் தானாக ஓடி எடுத்துக்கொண்டு போனால்தான் உண்டு.

ஒரு விதத்தில் அந்த இடம் கீழ்ப் பாதியில் அமைந்தது நல்லதாகப் போயிற்று. எச்4 பல்பில் லோ பீம் இழைக்குக் கீழே குழிக்கரண்டி மாதிரி ஒரு சின்னத் தகடு இருக்கிறது. அது கீழே போகும் வெளிச்சத்தை மறித்துவிடும். லோ பீமுக்கு ரிஃப்ளெக்டரின் மேல் பாதி மட்டும்தான் வேலை செய்யும். கீழ்ப் பாதி ஹை பீமுக்குத்தான் உதவும். வெள்ளிப் பெயின்ட் தொட்டு வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். பெயின்ட் பட்ட இடம் வெளிச்சத்தைக் கண்டபடி சிதறடித்து எதிரில் வருகிறவர் கண்ணில் அடிக்கும் என்று அதை அப்படியே விட்டுவிட்டேன்.

அன்றைக்கே இன்னொரு தப்பும் செய்தேன். பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, பாத்திரம் கழுவும் லிக்விட் நாலு சொட்டு விட்டு, ரிஃப்ளெக்டர் மேல் மெல்ல ஊற்றிக் கழுவினேன். பொடி அழகாகக் கழுவிக்கொண்டு போயிற்று. காய்ந்த பிறகு பார்த்தால் உப்புப் புள்ளிகள், மிளகு அளவில் வெள்ளை வெள்ளையாக. எங்கள் வீட்டு போர் தண்ணீரில் பருப்பு வேகாது, பக்கெட் விளிம்பில் உப்பு பூக்கும். அது தெரிந்திருந்தும் குழாயைத் திறந்திருக்கிறேன். வினிகர் ஊற்றினால் உப்புக் கறை போகும். ஆனால் காப்புப் பூச்சு போன இடத்தில் அமிலம் அலுமினியத்தையும் அரித்துவிடும் என்பதால் அதைத் தொடவில்லை.

இரண்டாவது ஞாயிறு பேட்டரிக் கடையில் ஐந்து லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் கேன் இரண்டு வாங்கினேன், கேன் 110 ரூபாய். ஒரு லிட்டர் தண்ணீரைக் கை பொறுக்கும் சூட்டில் வைத்து, லிக்விட் இரண்டே சொட்டு. டூமைப் பிளாஸ்டிக் டப்பில் சாய்த்து வைத்து, சொம்பிலிருந்து மேல் விளிம்பு வழியாக, பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றினேன். ஐந்து நிமிடம் ஊற விட்டு மறுபடி ஊற்றினேன். இப்படி மூன்று தடவை. பிறகு சோப் இல்லாத வெறும் டிஸ்டில்டு வாட்டரில் நான்கு தடவை. தண்ணீர் ஒரு மூலைக்கு வடியும்படி சாய்த்து நிறுத்தி, அந்த மூலையில் சேர்ந்த சொட்டை மட்டும் டிஷ்யூவின் நுனியால் உறிஞ்சினேன், வெள்ளிப் பூச்சில் படாமல். பால்கனியில் காய வைக்கவில்லை. எங்கள் பகுதியில் ஒரு மணி நேரம் திறந்து வைத்த எதன் மேலும் கறுப்புத் தூசி படியும். உள்ளே மேஜையில் வைத்து ஹேர் டிரையரைக் குளிர் காற்றில் ஓட விட்டேன். உப்புப் புள்ளியில் முக்கால்வாசி போய்விட்டது. மீதி இருக்கிறது, இருக்கட்டும். பல்புக்கு நேர் மேலே ரூபாய் நாணய அளவில் பூச்சே வெந்து பால் நிறமாகியிருக்கிறது. அது அழுக்கில்லை, எதை ஊற்றினாலும் போகாது.

வலப் பக்க டூமை நான் பிரிக்கவே இல்லை. அதில் உடைந்த கண்ணாடி இல்லை, வெறும் படலம்தான். அதே வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரை பல்பு ஓட்டை வழியாக ஊற்றி, பத்து நிமிடம் வைத்து, தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஆட்டிக் கொட்டினேன். முதல் தண்ணீர் லேசான டீ நிறத்தில் வந்தது, நான்காவது தெளிவாக வந்தது. கண்ணால் பார்த்த கணக்கில் படலத்தில் முக்கால் பங்கு போயிருக்கும். மூலையிலிருந்த சொட்டுகள் முழுக்கக் காய இரண்டு நாள் பிடித்தது, அதுதான் ஒரே தொந்தரவு. உள்ளே கண்ணாடி உடைந்திருந்தால் மட்டும் பிரியுங்கள். மற்றபடி ஓட்டை வழியாகக் கழுவினாலே போதும். இடப் பக்கத்துக்கு ஒரு நாள் முழுக்க ஆன வேலை வலப் பக்கத்தில் ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

முன் கண்ணாடியின் உள்பக்கத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவினேன். அது தாங்கும். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் இரண்டும் பாலிகார்பனேட் பக்கமே போகக் கூடாது, வலை வலையாக விரிசல் விட்டுவிடும். வெளிப்பக்க மஞ்சளுக்கு வாட்டர் பேப்பர்: 800, 1500, 2000, 3000 (நம்பர் ஏற ஏறப் பேப்பர் நைசாகும்). ஒவ்வொன்றையும் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, முந்தின பேப்பரின் கோடு மறையும் வரை விடவில்லை. 800 போட்டதுதான் அதிகம். அதன் கோட்டை அழிக்கவே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இந்த அளவு மஞ்சளுக்கு 1000த்தில் ஆரம்பித்திருக்கலாம். பிறகு ரப்பிங் காம்பவுண்ட். தேய்க்கும்போது பழைய காப்புப் பூச்சும் போய்விடும் என்பதால், மேலே புதுப் பூச்சு அடிக்காவிட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சளாகும். டூ-கே கிளியர் கோட் ஸ்ப்ரே (இரண்டு திரவம் கலந்து இறுகும் நிறமில்லாத பூச்சு) 650 ரூபாய். விலை அதிகம்தான், ஆனால் இந்த வேலையில் மிச்சம் பிடிக்கக் கூடாத செலவு அது. மொட்டை மாடியில் காலை 6 மணிக்கு, கடல் காற்று எழும்புவதற்கு முன், இரண்டு கோட் அடித்தேன். அந்த ஸ்ப்ரேயின் ஆவி நுரையீரலுக்கு ஆகாது. சாதாரணத் துணி மாஸ்க் போதாது, வேலைக்குப் போடும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போட்டுக்கொண்டேன்.

மூன்றாவது ஞாயிறு ஒட்டுவது. ஹார்டுவேர் கடையில் சிலிகான் டியூப் ஒன்று கொடுத்தார்கள். மூடியைத் திறந்ததும் வினிகர் வாடை. அந்த வகை சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலம் ஆவியாக வெளியேறும். மூடிய டூமுக்குள் அது போனால் கழுவிக் காப்பாற்றிய பூச்சு அவ்வளவுதான். டியூபைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிராட்வே போய் பியூட்டைல் டேப் (ரப்பர் மாதிரிப் பிசுபிசுப்பான ஒட்டுப் பட்டை) ஒரு ரோல் வாங்கினேன், 350 ரூபாய். பழைய பசையைச் சுரண்டிய பள்ளத்தில் அதைப் பதித்து, ஹீட் கன்னால் இளக வைத்து, கண்ணாடியை அழுத்தி, நாலு பக்கமும் கிளாம்ப் போட்டு ராத்திரி முழுக்க விட்டேன்.

கூடவே ஒயரிங். இரண்டு ரிலே, ஃபியூஸ், செராமிக் ஹோல்டரோடு ரெடிமேட் செட் 750 ரூபாய். பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் வரும். பழைய ஒயர் ரிலேவைத் தட்டிவிடும் வேலையை மட்டும் பார்க்கும். பல்பு, பிலிப்ஸ் 60/55 சாதாரண ஜோடி, 380 ரூபாய். ரப்பர் கேப் இரண்டும் புதிது. மாட்டிவிட்டு மீட்டர் வைத்தால் ஹோல்டரில் 13.4 வோல்ட். இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். பல்பு வாங்கும் முன் ஒரு தடவை மீட்டர் வைத்துப் பார்த்திருந்தால் 100/90 பக்கமே போயிருக்க மாட்டேன்.

கடைசியாகப் பீம் அட்ஜஸ்ட்மென்ட். பின்தெருவில் பூட்டிக் கிடக்கும் குடோன் சுவருக்கு எதிரே, தரை மட்டமான இடத்தில் சரியாக 5 மீட்டர் தள்ளி நிறுத்தினேன். டயரில் காற்று சரிபார்த்து, டிரைவர் சீட்டில் தம்பியை உட்கார வைத்தேன். பல்பின் நடு உயரம் தரையிலிருந்து 64 சென்டிமீட்டர். 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இறக்கம் என்ற கணக்கில், சுவரில் 59 சென்டிமீட்டரில் சாக்பீஸ் கோடு. லோ பீமின் மேல் விளிம்பு அந்தக் கோட்டில் உட்காரும் வரை ஸ்க்ரூவைத் திருப்பினேன். இடப் பக்கம் மட்டும் விளிம்பு கொஞ்சம் மேலே ஏறிப் போகும். அது கோளாறில்லை, சாலையோரம் நடப்பவர்கள் தெரிவதற்காக அப்படி அமைத்தது. வலப் பக்க விளக்கு பழைய நிலையில் கோட்டுக்கு ஒரு சாண் மேலே அடித்துக்கொண்டிருந்தது. எதிரில் வந்த எத்தனை பேரின் கண்ணைக் கூச வைத்தேனோ.

மொத்தச் செலவு 3,010 ரூபாய். அதில் ஆல்கஹாலுக்குக் கொடுத்த 160 வீண். இரண்டு புது டூம் என்றால் 4,800 ஆகியிருக்கும், ஒயரிங் அப்போதும் பழையதாகவே இருந்திருக்கும். வீட்டுத் தெருவில் வேகத்தடையின் வெள்ளைக் கோடு முன்பு இருபது தப்படி தூரத்தில்தான் லோ பீமில் தெரியும். இப்போது முப்பத்தைந்து தப்படி.

மாட்டிய மறுநாள் ஹோஸ் பைப்பில் பத்து நிமிடம் தண்ணீர் அடித்துப் பார்த்தேன். வலப் பக்கம் சுத்தமாக இருந்தது. இடப் பக்கக் கீழ் மூலையில் மூச்சு விட்ட மாதிரி பனி. கண்ணாடியை ஒட்டியதில் தப்பு என்று பதறிப்போய்ப் பார்த்தால், பின்னால் காற்று போகும் சின்னக் குழாயில் சேறு இறுகியிருந்தது, அந்தப் புயல் வெள்ளத்துச் சேறு. ஊக்கால் குத்தி எடுத்ததும் பத்து நிமிடத்தில் பனி விலகிவிட்டது.

ஒன்று மட்டும் பாக்கி. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது இடப் பக்கம் 'கிண்' என்று ஒரு சின்னச் சத்தம். ரிஃப்ளெக்டரின் பின்மடிப்பில் ஒரு கண்ணாடித் துண்டு தங்கிவிட்டது போலிருக்கிறது. அதற்காக இப்போது மறுபடி பிரிக்கப் போவதில்லை. அடுத்த தடவை பல்பு மாற்றும்போது, ஓட்டை கீழே பார்க்க, மெல்லத் தட்டி எடுத்துக்கொள்கிறேன்.